பிக்கப் வண்டிக்குள் தவில்

1

கண்டனூரிலிருந்து என் ஓரகத்தி எழுதிய கடிதம் போன வாரம் வந்தது. மழை, விசேஷம், யார் பிள்ளைக்கு என்ன பேர் வைத்தார்கள் என்பதெல்லாம் எழுதி முடித்து, கடைசி மடிப்பில் இருந்த கொஞ்ச இடத்தில் இதை நெருக்கி எழுதியிருந்தாள்:

"கனடாவுல லாரி வாங்கியிருக்கீகளாமே, எத்தனை டன் ஏத்துது? அந்த லாரியாலதான் உனக்கு வேலை கெடச்சுதுன்னு இங்க பேசிக்கிறாக. நீ என்ன, லாரியில கிளீனராவா போறே? அவ்வளவு கஷ்டமா அங்க?"

என் கணவர் அதைச் சத்தமாக வாசித்தார். சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. "நீயே எழுது மீனா. நான் எழுதினா யாரும் நம்ப மாட்டாக" என்றார்.

அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். ஏர்மெயில் தாள் பாதிக் கதைக்கே தீர்ந்துவிட்டது. மீதியையும் சேர்த்து, ஊரில் எல்லாரும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே எழுதுகிறேன். முதலில், அது லாரி இல்லை. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரும் ஒரே நீள இருக்கை, பின்னால் மூடியில்லாத தொட்டி. பிக்கப் என்பார்கள். நாங்கள் இருக்கும் சஸ்காட்செவன் மாகாணம் முழுக்கக் கோதுமை வயல். இங்கே விவசாயி, பாதிரியார், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாரும் அதைத்தான் ஓட்டுகிறார்கள். என் கணவர் சொக்கலிங்கம் கணக்கு வாத்தியார். நான் காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சுப்பையாவின் மகள்.

வேலை கிடைத்தது அந்த வண்டியால் என்பது மட்டும் உண்மை.

2

நாங்கள் எழுபத்து மூன்றில் இங்கே வந்தோம். மகள் வள்ளிக்கு அப்போது ஐந்து வயது. என் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே, ரேடியோவில் மின்சாரம் ஓடுவதைச் சோதிக்க அப்பா கொடுத்தனுப்பிய மீட்டர் இருந்தது. கறுப்புப் பெட்டி, கண்ணாடிக்குள் ஒரு முள், சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைத் தூக்கிப் பிடித்து என்ன என்று கேட்டார். "மீட்டர்" என்றேன். "டாக்சி ஓட்டுவீர்களா?" என்று கேட்டார். என் கணவர் விளக்கிச் சொல்லி, ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு, மீட்டர் எங்களோடு வந்து சேர்ந்தது.

வந்த மூன்றாம் மாதம் வேலை வாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். ரேடியோ வேலையை எங்கே படித்தீர்கள்? அப்பா கடையில். சான்றிதழ்? இல்லை. எத்தனை வருஷம்? எட்டு. சம்பளம் வாங்கினீர்களா?

"அப்பாகிட்டயா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

அனுபவம் என்ற கட்டத்தில் அவர் ஒன்றுமில்லை என்று எழுதினார். எட்டு வருஷம் ஒரு பேனாக் கோட்டில் போனது. வீட்டுக்கு வந்து மீட்டரை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

பிக்கப்பை வாங்கியது எழுபத்தாறில், விவசாயத்தை விட்டு மகன் வீட்டுக்குப் போன ஒரு கிழவரிடம். வண்டி கல்லுப் போல இருந்தது. ரேடியோ மட்டும் வாயில் துணி அடைத்த மாதிரி பேசியது. கம்பெனியிலேயே பொருத்திக் கொடுத்த செட் அது. முன்பலகைக்கு அடியில் ஒரே ஒரு ஸ்பீக்கர். அதன் காகிதம் வெயிலிலும் பனியிலும் காய்ந்து கிழிந்திருந்தது. வாங்கின அன்றைக்கே குனிந்து பார்த்தேன், என்ன கோளாறு என்றும் தெரிந்தது. ஆனால் கை வைக்கவில்லை. எனக்குத்தான் அனுபவம் ஒன்றுமில்லையே.

என் கணவர் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் முப்பத்தெட்டு மைல் ஓட்ட வேண்டும். குளிர்காலத்தில் இந்தச் சமவெளியில் பனிப்புயல் வந்தால் அரை மணி நேரத்தில் ரோடு, வயல், வானம் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். எந்த ரோட்டை மூடியிருக்கிறார்கள் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதைக் கேட்டுத்தான் எல்லாரும் வண்டியை எடுப்பது.

அடுத்த ஜனவரியில் ஒரு நாள், மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியவர் ஆறு மணி வரை வரவில்லை. ஏழுக்கும் வரவில்லை. நானும் வள்ளியும் ஜன்னலை விட்டு நகரவில்லை. எட்டு மணிக்குப் பனி அள்ளும் வண்டி ஒன்று பிக்கப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. அவர் இறங்கியபோது விரல் நுனியெல்லாம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் இரண்டு விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார்.

"ரேடியோவுல சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னான் மீனா. எல்லாஞ் சொன்னான். எந்த ரோடுன்னுதான் எனக்குக் கேக்கலை. கரகரன்னு ஒரே சத்தம்."

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் யார் மேலும் இல்லை, என் மேல்தான். ரேடியோக்காரர் மகள் வீட்டு வண்டியில் ரேடியோ கேட்கவில்லை.

3

எங்கள் ஊரில் ரேடியோ, டி.வி. கடை ஒன்றுதான் உண்டு. கடைக்காரர் பீட்டர்சன், அறுபது வயது இருக்கும், நல்ல மனிதர். கணவரின் விரல்களில் இன்னும் கட்டு இருந்ததால் அவர் ஒரு சக வாத்தியாரின் காரில் போய் வந்துகொண்டிருந்தார். நான் அதற்கு முந்தின கோடையில்தான் லைசென்ஸ் எடுத்திருந்தேன். வள்ளியைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு நானே பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போனேன்.

வள்ளிக்கு எட்டு வயது. தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பேர் வாலரி என்று அவளுடைய டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கோ ஆங்கிலம் காதில் ஏறிய அளவு நாக்கில் ஏறவில்லை. ஆகையால் கடை கண்ணிக்குப் போனால் அவள்தான் எனக்கு வாய்.

பீட்டர்சன் வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்து ரேடியோவைத் திருப்பிப் பார்த்தார். தலையை ஆட்டினார். பழையதை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, புது செட், தனி ஆம்ப்ளிஃபையர், நான்கு ஸ்பீக்கர் போட்டால்தான் உருப்படும் என்று சொல்லி, உள்ளே கூட்டிப் போய் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். முன்னூறு டாலருக்கு மேல் வந்தது. எங்களால் ஆகிற காரியம் இல்லை.

ஆனால் என் கண் அந்தத் தாளில் இல்லை. கவுண்டருக்குப் பின்னால் ஒரு நீளப் பலகை. அதன் மேல் பதினைந்து இருபது ரேடியோக்கள், ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய சீட்டு. எல்லாவற்றிலும் தூசி. கடைக் கண்ணாடியில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தது.

"வள்ளி, அவர்ட்டச் சொல்லு" என்றேன். "புதுசா எதுவும் வேண்டாம். இருக்கிற ரேடியோ நல்ல ரேடியோதான். ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு, அதுக்குப் பின்னால பொட்டியும் இல்லை, அவ்வளவுதான். நானே செஞ்சுக்குவேன். அப்புறம், அந்தப் பலகையில கெடக்குற செட்டெல்லாம் நான் பாத்துத் தரட்டுமான்னு கேளு."

வள்ளி என்னைப் பார்த்தாள். என் கோட்டுக்குக் கீழே தெரிந்த புடவைக் கரையைப் பார்த்தாள். பனி பூட்ஸைப் பார்த்தாள். பிறகு பீட்டர்சனிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்:

"விலை அதிகமாக இருக்கிறதாம். அம்மா நன்றி சொல்லச் சொன்னார்."

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. பீட்டர்சன் இரக்கமாகச் சிரித்து, வள்ளியின் கையில் ஒரு மிட்டாய் கொடுத்தார்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கேட்டேன். "நான் சொன்னதை ஏண்டி சொல்லலை?"

அவள் மிட்டாயைப் பிரிக்கவில்லை. அம்மாக்கள் அந்த வேலை செய்வதில்லை, அவர் சிரித்திருப்பார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கொஞ்ச தூரம் போன பிறகு தமிழில் சொன்னாள்: "உன்னைப் பாத்து யாராச்சும் சிரிச்சா எனக்குப் பிடிக்கலை."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தேன். திட்ட முடியவில்லை. வீட்டுக்குள் போனதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரித் தட்டிலிருந்து மீட்டரை எடுத்தேன்.

4

ஸ்பீக்கருக்குப் பின்னால் பெட்டி வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். அது காரைக்குடிச் சமாசாரம்.

அறுபதுகளில் எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த வால்வு ரேடியோக்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி கனம். ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, வெளியூர் போயிருப்பார்கள். வீட்டில் ஆச்சிமார்கள் மட்டும். ரேடியோ உள்வளவில் இருக்கும், அங்கே அந்நிய ஆம்பளை போக முடியாது. அதைக் கடைக்குத் தூக்கிக் கொடுக்கவும் மனசு வராது. ஆகையால் அப்பா முகப்பில் நிற்பார், பாவாடை தாவணியில் நான் உள்ளே போவேன். அவர் அங்கேயிருந்து கத்துவார்: "வால்வு எரியுதா பாரு! எதையும் ஈரக்கையோட தொடாதே!" நான் இங்கேயிருந்து கத்துவேன். நடுவில் வீட்டு ஆச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். விசாலாட்சி ஆச்சி வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. ரேடியோ பேசவில்லை, மறுநாள் விடிகாலையில் மார்கழி பஜனை கேட்க வேண்டும், உடனே வரச் சொல்கிறார்கள் என்று. நான் தனியாகப் போனேன். எனக்குப் பதினாறு வயது.

போய்ப் பார்த்தால் மரப்பெட்டியைக் கரையான் தின்றிருந்தது. தொட்டால் மாவாக உதிர்ந்தது. உள்ளே இருந்ததை எல்லாம் வெளியே எடுத்துப் பலகையில் பரப்பி, அறுந்திருந்த வயரைப் பற்றவைத்தேன். ரேடியோ பேசியது. ஆனால் டப்பாவில் அடைத்த ஈ மாதிரி பேசியது. ஆச்சி முகம் சுருங்கிப் போனது.

"என்னாத்தா இது, பினாங்குல இருந்து கப்பலேத்திக் கொண்டாந்த ரேடியோ. சீக்கு வந்த கோழி மாதிரில்ல கத்துது."

என்ன செய்வதென்று தெரியவில்லை. வயரை இன்னொரு தடவை சோதிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கையில் இருந்த ஸ்பீக்கரை எங்கேயாவது வைக்க வேண்டும். பக்கத்தில் ஊறுகாய் போடுகிற பெரிய மங்கு ஜாடி, கழுவிக் காயவைத்தது, வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஸ்பீக்கரை அதன் வாயில் மல்லாக்க வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

அந்த நொடியில் செய்தி வாசிப்பவரின் குரல் வளவு முழுக்க நிறைந்தது. இரண்டாம் கட்டில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தோடு எழுந்து ஓடி வந்தார்கள். "யாரு வந்திருக்கா? ஆம்பளைக் குரல் கேக்குதே!"

ஆச்சி ஜாடியையும் என்னையும் பார்த்தார். "ஏ ஆத்தா, என் ஊறுகா ஜாடிக்குள்ள எவனைப் புடிச்சு அடைச்சு வச்சே?"

ஸ்பீக்கரின் காகிதம் முன்னால் ஒரு சத்தமும் பின்னால் ஒரு சத்தமும் போடுகிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். பின்னால் வருவதை அடைத்துவிட்டால் முன்னால் வருவது முழுசாக நிற்கும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆச்சியிடம் ஜாடிகளைக் கேட்டு வாங்கி, நானே வைத்து வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. சின்ன ஜாடியில் குரல் மூக்கடைத்தது. ஆளுயர ஜாடியில் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. நடுத்தர ஜாடிக்குள் கால்வாசி இலவம் பஞ்சைப் போட்டதும் ஆள் எதிரில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. ஆச்சி அடுத்த நாள் பஜனையை ஜாடியில்தான் கேட்டார். புதுப் பெட்டி செய்து கொண்டுபோய்க் கொடுத்த பிறகும் ஜாடியை விட அவருக்கு மனசில்லை.

5

எங்களிடம் இருந்தது நாற்பது டாலர். வண்டிக்கு டயர் போட வைத்திருந்ததை, இன்னொரு மாதம் பழைய டயரே ஓடும் என்று கணவர் எடுத்துக் கொடுத்தார்.

ஸ்பீக்கருக்குச் செலவே இல்லை. ஊர்க் குப்பைமேட்டில், யாரோ வீட்டு நிலவறையில் தண்ணீர் புகுந்து ஊறிப் போன ஒரு பெரிய ரேடியோ கிராம் கிடந்தது. மரம் உப்பியிருந்தது. உள்ளே தட்டளவில் இரண்டு ஸ்பீக்கர், காகிதத்தில் ஒரு கீறல் இல்லை. மீட்டர் வயரை வைத்து முள் அசைகிறதா என்று பார்த்தேன். இரண்டும் உயிரோடு இருந்தன. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் எங்கள் ரேடியோவுக்குச் சரியாகப் பொருந்தும்.

அடுத்து, ஸ்பீக்கரைப் பொருத்தப் பலகை. அப்பா அதை பாபில் என்பார். எந்த இங்கிலீஷ் புத்தகத்தில் பார்த்தாரோ, எனக்கும் அதே பேர்தான். மரக்கடைக்குப் போய், இந்தத் தடவை வள்ளியைக் கூட்டிப் போகாமல், "பாபில், டூ" என்று இரண்டு விரலைக் காட்டினேன். அந்த ஆள் யோசித்தார், முகம் மலர்ந்தது, உள்ளே போனார். கொண்டு வந்து வைத்தது கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுகிற இரண்டு கண்ணாடி உருண்டை. சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று. அந்த உருண்டைக்கும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட அதே பேராம். தாளில் படம் போட்டுக் காட்டிய பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். வெட்டிப் போட்ட ஒட்டுப்பலகைத் துண்டுகளைக் காசு வாங்காமல் கொடுத்தார், கூரைக்கு அடிக்கும் தார்ச் சீட்டையும் ஒரு முழம் சேர்த்து.

இருக்கைக்குப் பின்னால் ஒரு ஆள் கை நுழையும் அளவு இடம் இருந்தது. அந்த இடத்துக்கு அளவெடுத்து, ஒல்லியாக, நீளமாக, இரண்டு அறையுள்ள ஒரு பெட்டி செய்தேன். மூட்டுகளில் எல்லாம் பசை தடவி, காற்றுப் போகாமல் அடைத்தேன். கிழிந்த ரஜாய்ப் போர்வையைப் பிரித்து உள்ளே பஞ்சு வைத்தேன். கதவுத் தகடு சத்தத்துக்கு அதிர்ந்தது, உட்புறத்தில் தார்ச் சீட்டை ஒட்டினேன். இஞ்சினை முடுக்கினால் ரேடியோவில் கொசு பாடுகிற மாதிரி ஒரு கீச்சொலி வரும். செத்த ரேடியோ ஒன்றிலிருந்து எடுத்த கண்டென்சரை டைனமோ பக்கத்தில் கட்டினேன், கொசு செத்தது. கையில் மிஞ்சியிருந்த டாலரில், ஒரு பண்ணை ஏலத்தில் பழைய கேசட் செட் ஒன்று கிடைத்தது. அதை முன்பலகைக்கு அடியில் தொங்கவிட்டு அதே ஸ்பீக்கர்களோடு இணைத்தேன். என் தம்பி பிள்ளையார்பட்டித் திருவிழாவில் நாயன, தவில் கச்சேரியைப் பதிவு பண்ணி அனுப்பிய கேசட் ஒன்று ஒரு வருஷமாக வீட்டில் சும்மா கிடந்தது.

இதெல்லாம் முடிய மூன்று வாரம் ஆனது. வேலை பகல் நேரத்தில்தான், சூடு இல்லாத கார்க் கொட்டகையில், இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு. வள்ளி பள்ளி விட்டு வந்ததும் வாசற்படி வரை வந்து பார்ப்பாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விடுவாள்.

முடித்த அன்று கணவரைக் கூப்பிட்டேன். "என்னங்க, இங்குட்டு வாங்க. ஏறி உக்காந்து கதவைச் சாத்துங்க."

அவர் உட்கார்ந்தார். ரேடியோவைத் திருப்பினேன். வானிலை அறிக்கை போய்க்கொண்டிருந்தது. எந்த ரோடு திறந்திருக்கிறது, எந்த ரோட்டில் சறுக்கல், எல்லாம் ஊர் பேரோடு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அவர் அசையாமல் கேட்டார். பிறகு ஜன்னலை இறக்கினார்.

"மீனா, இந்த ஆளுக்குத் தொண்டை கட்டியிருக்கு!"

"என்னது?"

"ஜலதோஷம். ஒவ்வொரு வரிக்கும் நடுவுல மூக்கை உறிஞ்சுறான். ஒரு வருஷமாக் கேக்குறேன், இவன் மூச்சு விடுறதே இன்னைக்குத்தான் கேக்குது!"

சத்தம் கேட்டு வள்ளி வெளியே வந்தாள். அப்பாவைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் இறங்கவில்லை.

6

அடுத்த நாள் பள்ளி விட்டதும் பிக்கப்பைப் பீட்டர்சன் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். உள்ளே போய், வீட்டில் நூறு தடவை சொல்லிப் பார்த்த ஆங்கிலத்தைச் சொன்னேன். தயவு செய்து வாருங்கள், கேளுங்கள்.

அவர் காப்பிக் கோப்பையோடு வந்து ஏறினார். நான் இந்தப் பக்கம், வள்ளி நடுவில். உள்ளூர் நிலையத்தைத் திருப்பினேன். அந்த மக்களுக்குத் தெரிந்த பாட்டு ஏதாவது வரும் என்று கணக்குப் பண்ணியிருந்தேன். எங்கள் நேரம், பன்றி விலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அது முடிந்து பார்லி விலை.

பீட்டர்சன் தலையாட்டினார். தெளிவாக இருக்கிறது என்றார். ஆனால் பேச்சைத் தெளிவாக்குவது பெரிய காரியம் இல்லை, அடியில் கனமான சத்தம் வந்தால்தான் தெரியும், கொட்டு இருக்கிற பாட்டு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

கேசட் முன்பலகையில் சாமான் வைக்கும் சின்னப் பெட்டிக்குள் இருந்தது. தெருவில் வள்ளியோடு படிக்கும் இரண்டு பிள்ளைகள் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எப்படி இருக்குமோ என்று என் கை தயங்கியது.

வள்ளி குனிந்தாள். பெட்டியைத் திறந்தாள், கேசட்டை எடுத்து அவளே செட்டுக்குள் தள்ளினாள். சத்தத்தையும் ஒரு திருகு கூட்டினாள்.

நாயனம் எழுந்தது. பின்னால் தவில் விழுந்தது. முதல் அடி என் முதுகில் விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும், இருக்கை அதிர்ந்தது. வலந்தலை வேறு, இடந்தலை வேறு என்று விரல் விரலாகப் பிரிந்து கேட்டது. பீட்டர்சன் காப்பியைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். தனி ஆவர்த்தனம் முடிவதற்குள் காப்பி ஆறிப் போனது. ரோட்டில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

முடிந்ததும் இருக்கைக்கு அடியில் தடவினார். "ஆம்ப்ளிஃபையர் எங்கே?"

"இல்லை" என்றாள் வள்ளி. "வண்டியோடு வந்த ரேடியோதான்."

அவர் நம்பவில்லை. டார்ச்சைக் கொண்டு வந்து, பனியில் முழங்கால் போட்டு, வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பெட்டி வரைக்கும் பார்த்தார். மூட்டுகளை விரலால் தடவினார். எழுந்து, யார் செய்தது என்று கேட்டார்.

"என் அம்மா." அதோடு அவள் நிற்கவில்லை. குப்பைமேடு, ரஜாய்ப் பஞ்சு, கண்டென்சர், காரைக்குடி, ஊறுகாய் ஜாடி என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். ஜாடிக் கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. அவள் அப்பா சொல்லிக் கேட்டிருப்பாள். பீட்டர்சன் ஒரு கேள்வி கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். அவர் சிரித்து, கையை நீட்டி, என் கையைக் குலுக்கினார்.

"என்னடி சொன்னே?"

"திங்கக்கிழமை வேலைக்கு வரமுடியுமான்னு கேட்டார். வருவாங்க, ஆனா நல்ல ஸோல்டரிங் அயர்ன் வேணும், உங்ககிட்ட இருக்கிறது பழசுன்னு அம்மா சொல்றாங்கன்னேன்."

"நான் ஒண்ணுமே சொல்லலையே!"

"போனதும் சொல்லுவேல்ல."

திங்கட்கிழமை போனேன். பலகையில் ஈயப் பற்று வைக்கிற ஸோல்டரிங் அயர்ன் புதிதாக ஒன்று இருந்தது. பழையதைப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

7

அந்தத் தூசி படிந்த செட்டுகளை எல்லாம் ஐந்து வாரத்தில் பேசவைத்தேன். பிறகு பிக்கப்கள் வர ஆரம்பித்தன. புது செட் வாங்க முடியாத விவசாயிகள், இருக்கைக்குப் பின்னால் அந்தப் பெட்டி மட்டும் வேண்டும் என்று வந்தார்கள். அறுவடைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கடை வாசலில் பதினோரு வண்டி வரிசையில் நின்றது. பீட்டர்சன் வாசலில் நின்று எண்ணிக் காட்டினார்.

ஆனால் சர்க்கார் விட்டுவிடுமா? மாகாண அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தொழில் சான்றிதழ் இல்லாதவரை ரிப்பேர் வேலையில் வைத்திருக்கக்கூடாது. அப்பாவுக்கு எழுதினேன். அவர் கடைத் தாளில், நான் எட்டு வருஷம் வேலை பார்த்ததாகவும் ஒரு ரேடியோவையும் எரித்ததில்லை என்றும் ஆங்கிலத்தில் எழுதி, இருந்த எல்லா ரப்பர் ஸ்டாம்பையும் குத்தி அனுப்பினார். அதை ஏற்க வழியில்லை, வேண்டுமானால் பரீட்சை எழுதலாம் என்றார்கள்.

பரீட்சைக்கு மாகாணத் தலைநகர் ரெஜைனாவுக்குப் பிக்கப்பில் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். எழுத்துப் பரீட்சை முடிந்து, செய்முறைக்கு ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். பரீட்சை வைத்தவர் மூக்குக் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். ஒரு ரேடியோவை என் முன்னால் வைத்தார். இதில் மூன்று பழுது வைத்திருக்கிறேன், இரண்டு மணி நேரம் தருகிறேன் என்றார்.

ஒரு மணி நேரம் ஆவதற்குள் கையைத் தூக்கினேன். அவர் வந்தார். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் ஒவ்வொன்றுக்கும் தாளில் குறி போட்டுவிட்டுக் கிளம்பினார்.

"சார்" என்றேன். "நாலு."

அவர் திரும்பி, மூன்றுதான் என்றார்.

நான் செட்டைக் கவிழ்த்து, மூலையில் ஒரு பற்றைக் காட்டினேன். பார்த்தால் பளபளப்பாக இருந்தது, ஆனால் ஈயம் உள்ளே கம்பியைப் பிடிக்கவில்லை. சூடான அறையில் ஓடும், குளிரில் வெளியே எடுத்துப் போனால் நின்றுவிடும். வள்ளியும் இல்லை, கணவரும் இல்லை. என் ஆங்கிலத்தில் நானே அதைச் சொன்னேன், கையாலும் கொஞ்சம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கம்பியைக் குச்சியால் லேசாக நெம்பினார். அது கையோடு வந்தது.

அவர் நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். பேனா மூடியைத் திறந்தார்.

"எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார்.